இளவரசி வீட்டு ரபீக்கா

இலங்கையின் கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து புறப்பட்ட லோஜினி, துபாய் விமானத்தில் ஏறும்போது ரபீக்கா ஆகிவிட்டாள். முஸ்லிம் பெண் என்றால்தான் நல்ல வீடு கிடைக்கும் என்று சொன்ன ஏஜென்ட், பெயரை மாற்றிப் பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தான். ஒழுகும் கூரைக்குக் கீழே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பெயரா பெரிசு?

வாய்த்த எசமானி பாரசீக அரச குடும்பத்து இளவரசி. தாத்தா சிங்காசனத்தில் இருந்தவர். ஆட்சி கவிழ்ந்ததும் குடும்பம் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு திசைக்கொருவராக ஓடியது. அண்ணன் பாரிஸில் அநாதையாகச் செத்தார். மகன் அமெரிக்காவில் என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியாது. மகள் ஷிரின் லண்டனிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அரச வம்சம் என்று பேச்சுத்தான். கிழவியைத் தூக்கி உட்காரவைக்க லோஜினியை விட்டால் நாதியில்லை. பதினோரு வருஷம் சோறு ஊட்டினாள், பீ மூத்திரம் அள்ளினாள், பக்கத்தில் நின்று தொழுவதுபோல் நடித்தாள். அந்த நடிப்புத்தான் அவள் மனசை அரித்தது.

"நான் கண்ணை மூடினால் நீதான் என்னைக் குளிப்பாட்ட வேண்டும், ரபீக்கா" என்று இளவரசி அடிக்கடி கையைப் பிடித்துக்கொள்வாள்.

போன மாசியில் கண்ணை மூடினாள். ஷிரின் வந்தாள். பெற்றவளின் உடம்பைத் தொட அவளுக்குப் பயம். "நீயும் முஸ்லிம்தானே, ஓத வேண்டியதை ஓதி நீயே குளிப்பாட்டிவிடு" என்றாள்.

பேசாமல் உள்ளே போயிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? லோஜினியால் முடியவில்லை. உயிரோடு இருந்தவளை ஏமாற்றியது போதும், கடைசிக் கடமையையும் பொய்யாக்கக் கூடாது என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். ஷிரின் கத்தித் தீர்த்தாள். கூலிக்கு இரண்டு பெண்களை வரவழைத்துக் கதவைச் சாத்தினாள். லோஜினியை மறுவாரமே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

மறுபடியும் கொழுந்து பறிக்க, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் புருஷன் ஜீவராஜ் ஆற்றாமையோடு கேட்டான்:

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல புள்ள? கடைசியா மொகத்தையாவது பாத்தியா?"

"எங்கங்க விட்டாங்க? கதவுக்கு வெளியதான் நின்னேன். தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. 'எடது கால்ல புண்ணு இருக்கு, மெதுவா ஊத்துங்க'ன்னு கத்துனேன். செத்தவளுக்கு வலிக்குமான்னு மக கேட்டா."

"நீ என்னா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? அந்தப் புண்ணுக்கு தெனம் மருந்து போட்டவ நான்ங்க. எனக்கு வலிச்சுச்சு."