மணி அடிப்பதற்கு முன்

யு.கே.ஜி. படிக்கும்போது நான் கடிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தவன், பென்சில் கேட்டவள், விலக்கிவிட வந்த டீச்சர் என்று எந்தப் பேதமும் பார்த்ததில்லை. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் யார் பிறந்தநாள் கேக் வெட்டினாலும் என்னை மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

ஒருவன் கையில் ரத்தம் வந்த அன்று தலைமை ஆசிரியையான சிஸ்டர் அம்மாவை வரவழைத்தார்.

"எங்களால முடியலம்மா. டி.சி. வாங்கிக்குங்க."

"கடிக்கறது தப்புதான் சிஸ்டர். ஆனா டி.சி. வாங்க மாட்டேன். ஏன் கடிக்கறான்னு கண்டுபுடிச்சிட்டு வரேன்."

துணிக்கடை வேலைக்கு வியாழக்கிழமைதோறும் மட்டம் போட்டுவிட்டு, அம்மா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். என்னைப் போன்ற பிள்ளைகளுக்கென்று அங்கே ஓர் அறை இருந்தது. முதல் நாள் நான் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டேன். அங்கே சிகிச்சை தரும் அக்கா 'வெளியே வா' என்று சொல்லவே இல்லை. தானும் தவழ்ந்து உள்ளே வந்து படுத்துக்கொண்டாள். வாரக்கணக்கில் என்னோடு விளையாடி, பள்ளிக்கும் வந்து பார்த்து, அவள்தான் கண்டுபிடித்தாள். எங்கள் வகுப்பு வாசலிலேயே மின்சார மணி இருந்தது. அது அலறும்போதெல்லாம் எனக்குத் தலைக்குள் ஏதோ வெடிக்கும். அருகில் இருப்பவரைக் கடிப்பேன். மணிக்கு முன்பே பிள்ளையை வெளியே அழைத்துப் போகச் சொல்லி அக்கா கடிதம் கொடுத்தாள்.

"ஒரு புள்ளைக்காக டீச்சர் எழுந்து போக முடியுமா?" என்றார் சிஸ்டர்.

"வேணாம் சிஸ்டர். நானே வரேன்."

மறுநாளிலிருந்து அம்மா பள்ளி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன் போகச் சொன்னார், சிஸ்டரும் சொன்னார். அவள் அசையவில்லை. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு நிமிடம் முன்பு, யாரிடமும் அனுமதி கேட்காமல் வகுப்புக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் கோடிக்குப் போவாள். சத்தம் ஓய்ந்ததும் கொண்டுவந்து விடுவாள். துணிக்கடையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், அம்மா எழுவதற்குள் டீச்சரே என்னிடம் கையை நீட்டினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த மாதம் நான் யாரையும் கடிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் தப்பு செய்தவர்களைத்தான் வராந்தாவில் உட்கார வைப்பார்கள். ஆகவே, அம்மாவும் யாரையோ கடித்துவிட்டாள் என்று அத்தனை நாளும் உறுதியாக நம்பினேன். அது சிஸ்டராகவே இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் வேண்டிக்கொண்டேன்.