தொட்டில் கட்டுக்கு வெளியே ஒரு கை

மரத்தொட்டிலில் இரண்டு கட்டுகள் உண்டு. ஒன்று குழந்தையின் முழங்காலுக்கு மேல், இன்னொன்று மார்புக்குக் குறுக்கே. மேல்கட்டை இறுக்கினால் இரண்டு கைகளும் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தை திடுக்கிட்டு எழாமல் தூங்கும். கொச்கோர் மலைப்பக்கத்து ஊர்களில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தன. ஜிபாரும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் தன் மகளுக்கு மட்டும் அவள் மேல்கட்டை அவிழ்த்துவிடுவாள். குலாயிம் வந்து மறுபடி கட்டுவாள்.

"எத்தனை தரம்டி சொல்றது? கை ஆடினா பிள்ளை பயந்துக்கும்."

ஜிபாருக்குக் காது கேட்காது. உதட்டைப் படிப்பாள். குலாயிமின் உதட்டைப் படிப்பதில் சிரமமே இல்லை. கேளாதவளிடம் பேசுகிறோம் என்ற நினைப்பில் அவள் வாயை ரொட்டி அடுப்பு மாதிரி அகலத் திறந்து பேசுவாள்.

"முழிச்சிருக்கா அக்கா." ஜிபார் குரலை எடுத்துச் சொன்னாள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்பவர்களின் முகம் ஒரு கணம் சுருங்கும். அதனால் அதிகம் எடுப்பதில்லை.

"முழிச்சிருந்தா தூங்க வை. அதுக்குத்தான தொட்டில்?"

குலாயிம் அவளுக்கு ஓரகத்தி. கணவன் டாலாயின் அண்ணன் எசெனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏரிக்கரையில், பாலிக்சி ஊரில் வீடு. பதினாலு வருஷமாகக் குழந்தை இல்லை. ஜிபாருக்கு மகள் சைரா பிறந்த நாற்பதாம் நாள் சொந்தங்கள் கூடி, ஆடு அறுத்து, சாப்பிட்டு முடித்த கையோடு முடிவும் செய்துவிட்டார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கி, கால்நூல் வெட்டும் சடங்கு முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். தம்பி பிள்ளையை அண்ணன் வளர்ப்பது அங்கே புதிதல்ல. யாரும் அதைப் பறிப்பது என்று சொல்வதில்லை, கொடுப்பது என்றுதான் சொல்வார்கள். இந்த முறை கூடுதலாக ஒரு காரணமும் சேர்ந்தது.

"அப்பனுக்கும் கேக்காது, ஆத்தாளுக்கும் கேக்காது. பிள்ளை யார்கிட்டப் பேச்சு கத்துக்கும்? கோழிகிட்டயா?" என்றாராம் ஒரு பெரியப்பா.

எல்லோரும் சிரித்ததை ஜிபார் பார்த்தாள். எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்துவைத்தாள். டாலாய்க்குக் காதில் கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கும். அவன்தான் பிறகு, தொழுவத்தில் வைத்து, எல்லாவற்றையும் கையால் சொன்னான். சொன்ன ஒரு வாரத்தில் ரஷ்யாவுக்குப் போய்விட்டான். எகாதெரின்பர்க்கில் சோபா செய்யும் பட்டறையில் வேலை. மாமனார் மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். வீட்டில் இரண்டு மாடு, பதினோரு ஆடு, ஒரு கைக்குழந்தை, ஜிபார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவன் முகம் வரும்.

"அண்ணன்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்று அவன் கை கேட்கும்.

"இப்ப சொல்றியே, இப்படித்தான்."

"அவனுக்குக் கை புரியாது."

"எழுதி அனுப்பு."

அவன் ஏதோ சொல்லக் கையைத் தூக்குவான். சிக்னல் போய்விடும். பாதி வார்த்தையில் விரல்கள் அப்படியே நிற்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஜிபார் வாரம் முழுக்க மாடு கறப்பாள், சாணி அள்ளுவாள், மாவு பிசைவாள்.

அவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து காது போனது. ஏழு வயதுவரை அவளுக்கு ஒரு சொல்லும் கிடையாது. அவள் அம்மா நல்லவள்தான். சோறு போட்டாள், தலை வாரினாள், இழுத்துப் போய் நிறுத்தினாள். ஆனால் எதையும் சொன்னதில்லை. அண்ணன் செத்தபோது வீட்டுக்கு முன்னால் ஏன் கூடாரம் போட்டார்கள், அவன் ஏன் சாப்பிட வரவில்லை, எதுவும் அவளுக்குத் தெரியாது. ஏழு வயதில் தலைநகர் பிஷ்கெக்கில் கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் சாப்பாட்டு அறையில், முன்பல் இல்லாத ஒருத்தி ரொட்டியைக் காட்டிக் கையால் ஒன்று செய்தாள். மறுபடி காட்டினாள். மறுபடி செய்தாள். ஜிபார் அன்று ஒன்பது துண்டு தின்றாள். பசியில் இல்லை. கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள், அதனால்.

பிறகு லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் கையால் ரொட்டி கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, ரொட்டியைக் கொடுத்தாள். அம்மா சாகும்வரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

சைராவுக்குக் காது நன்றாகக் கேட்டது. கதவு சாத்தினால் திரும்புவாள். பாலிக்சிக்குப் போனால் பேச்சு வரும், பாட்டு வரும், பள்ளிக்கூடம் வரும். அங்கிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து, கரகரவென்று ஏதோ குரல் எழுப்பும் ஒரு பெண்ணின் முன்னால் நிற்பாள். பிள்ளை போகத்தான் போகிறது. போகுமுன் அவள் கையில் ஒரு சொல்லாவது ஏறிவிட வேண்டும். ஒன்று ஏறிவிட்டால் இந்தப் பெண்ணிடம் பேசலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் மாதத்திலிருந்து தொடங்கினாள். பால் கொடுக்குமுன் குழந்தையின் முகத்துக்கு எதிரே இரண்டு முஷ்டிகளையும் பிடித்து, மாறி மாறி, மாடு கறப்பதுபோல் செய்வாள். அதுதான் பால். கன்னத்தில் உள்ளங்கை வைத்து, மறு கன்னத்துக்கு மாற்றினால் அம்மா. சைராவுக்கு மோவாயின் வலப்பக்கம் ஒரு குழி. அதில் விரலால் அழுத்தினால் சைரா. குழந்தை பார்க்கும்வரை காத்திருப்பாள். பார்த்த பிறகுதான் செய்வாள். அது கண்ணை எடுத்தால் நிறுத்திவிடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இருக்கும். பதிலே இல்லை. வேறு பேச ஆளில்லாத வீட்டில் அந்தப் பதிலில்லாமை அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பிள்ளை பார்த்ததே பேச்சாக இருந்தது.

அழுகை கேட்காதே என்று ஊரே கவலைப்பட்டது. தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்வாள். பிள்ளை புரண்டால் கயிறு சொல்லும். செப்டம்பரில் குலாயிம் மூட்டையோடு வந்து இறங்கியதும் அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

"இனிமே எதுக்கு இது? நான் கேக்கறேன்ல."

பிள்ளை தன்னோடு பழக வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். பழகியும்விட்டது. குலாயிம் பாடும்போது குழந்தை அவள் வாயையே பார்க்கும். ஜிபார் மாவுக்கையோடு நின்று குழந்தையின் பின்னந்தலையைப் பார்ப்பாள்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம், கறவை முடிந்து பால் வாளியோடு உள்ளே வந்தால் வீடெல்லாம் கண்ணேறு கழிக்கும் அர்ச்சா தழைப் புகை. பக்கத்து வீட்டு ரகத் புகையும் தட்டைத் தொட்டிலைச் சுற்றி ஆட்டிக்கொண்டிருந்தாள். குலாயிமின் முகம் வெளுத்திருந்தது.

"இழுப்பு வந்திருக்குடி பிள்ளைக்கு! கையைப் பாரு, கையை! இன்னும் இறுக்கிக் கட்டியும் நிக்கல!"

"கண்ணு பட்டுடுச்சு," என்றாள் ரகத். "அந்தப் பால்காரன் பொண்டாட்டி நேத்து வந்து கொழுகொழுன்னு இருக்கான்னு சொன்னா. நான் அப்பவே நினைச்சேன்."

"நீயுந்தான் போன வாரம் சொன்ன."

"நான் சொன்னது துப்பிட்டுச் சொன்னேன்!"

ஜிபார் குனிந்து பார்த்தாள். மார்புக் கட்டு புயத்தை நசுக்கியிருந்தது. கட்டுக்குக் கீழே ஒரு மணிக்கட்டு மட்டும் வெளியே பிதுங்கியிருந்தது. அதன் முனையில் சின்ன முஷ்டி. மூடியது, திறந்தது. மூடியது, திறந்தது. முகமெல்லாம் கண்ணீர். கண்கள் ஜிபாரைக் கண்டதும் முஷ்டி இன்னும் வேகமாக மூடித் திறந்தது.

வாளியை எங்கே வைத்தாள் என்று தெரியாது. "பால்," என்றாள் கையால். "பால். ஆமா, பால்." கட்டை அவிழ்த்துப் பிள்ளையை அள்ளி மார்பில் வைத்தாள். இழுப்பு அந்த நிமிஷமே நின்றது.

"புகைதான் வேலை செஞ்சிருக்கு," என்றாள் ரகத், தட்டை எடுத்துக்கொண்டு.

ஜிபார் தலையை ஆட்டினாள். குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி, குலாயிமின் வலக்கையைப் பிடித்து விரல்களை மடக்கினாள். திறந்தாள். மடக்கினாள். குலாயிம் கையை உதறப் பார்த்தாள். ஜிபார் விடவில்லை. கண்ணால் வாளியைக் காட்டினாள், பிள்ளையைக் காட்டினாள், மறுபடி விரல்களை மடக்கினாள்.

குலாயிம் ஆறு வயதில் மேய்ச்சல் மலையில் குதிரை கறக்கத் தொடங்கியவள். அந்த வீட்டில் கறக்கத் தெரியாத கை எது? தினம் இரண்டு வேளை தான் செய்வதைப் பிள்ளை செய்திருக்கிறது. அதைப் பார்த்து இழுப்பு என்று கட்டிப் போட்டிருக்கிறோம். அவள் வாய் திறந்தது. முதல்முறையாக அதில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"கேட்டிருக்காளா?" என்றாள் கடைசியில், சின்ன உதட்டில். "பாலு கேட்டிருக்காளா? ஒம்போது மாசத்துலயா?"

"ஆமா அக்கா."

குலாயிம் எழுந்து போய்க் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்தாள். கொடுக்கலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. மறுபடி மாட்டிவிட்டாள். இரண்டு நாள் அவள் ஜிபாரிடம் சரியாகப் பேசவில்லை. பிள்ளை முதலில் பேசியது தன்னிடம் இல்லை என்ற வருத்தம் அவள் முதுகில் தெரிந்தது. மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தாள்.

"வேற என்ன சொல்லுவா இவ? நாளைக்கு அங்க வந்து எதையாவது கேட்டு, நான் பேயறைஞ்ச மாதிரி நிக்கக் கூடாதுல்ல. காட்டு."

போதும், தூக்கம், ரொட்டி, தண்ணீர், சைரா. காட்டினாள். அம்மா என்பதையும் காட்டினாள். காட்டாமலிருக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் காட்டினாள். குலாயிமின் கை கொச்சையாகப் பேசியது. "தூக்கம்" சொல்லும்போது யாரையோ அறையப்போவது போலிருக்கும். மேல்கட்டை மட்டும் அதன் பிறகு அவள் கட்டவேயில்லை.

ஜனவரியில் பிள்ளை நடந்தது. மூன்று அடி. நான்காவதில் உட்கார்ந்துவிட்டது. எசென் வண்டியோடு வந்தான். முற்றத்துப் பனியை ஒதுக்கி, பிள்ளையின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கட்டி நிறுத்தினார்கள். ஓட்டத்தில் முதலில் வந்து சேர்பவர்தான் நூலை வெட்ட வேண்டும். தெருமுனையிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிறகு பெண்கள் ஓடினார்கள். ரகத் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே இருந்துகொண்டு மற்றவர்களைத் திட்டினாள். ஜிபார் குழந்தையைக் கக்கத்தில் தாங்கிப் பிடித்திருந்தாள். ஓடி வரும் எல்லா வாயும் கத்திக்கொண்டிருந்தன. யாருமே வந்து சேராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். சிவப்புக் குல்லாய் போட்ட சிறுமி ஒருத்தி முதலில் வந்து கத்தியை வாங்கி நூலை வெட்டினாள்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. பின்கண்ணாடியில் குலாயிம் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ஜிபார் தன் மோவாயில் விரலை அழுத்தினாள். வண்டி திரும்பிவிட்டது.

பால் வற்ற வேண்டும் என்று மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் அவள் கைகளுக்கு வேலை இருந்தது, பேச்சு இல்லை. தொட்டிலைத் துணி போட்டு மூடினாள்.

பத்தாம் நாள் போன் அதிர்ந்தது. குலாயிமின் பெரிய வாய் திரை முழுக்க வந்தது.

"புட்டிய தொடமாட்டேன்னுட்டா, மூணு நாளு. அப்புறம் நீ காட்டின மாதிரி கையில சொன்னேன். மடமடன்னு குடிச்சா! எசென் என்னைப் பாத்து, உனக்கும் காது போச்சான்னு கேக்கறாரு."

மடியில் சைரா. புதுச் சட்டை. தலையை அண்ணாந்து குலாயிமைப் பார்த்தாள். உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்தாள். மறு கன்னத்துக்கு மாற்றினாள். அம்மா. குலாயிமைப் பார்த்து.

குலாயிம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ஜிபார் நினைத்தாள். போகவில்லை. குலாயிமின் கண்கள் திரைக்கு வந்தன, திரும்பிப் போயின. பதினாலு வருஷம். பிறகு இரண்டு விரலால் பிள்ளையின் மோவாயைப் பிடித்து, மெதுவாகப் போன் பக்கம் திருப்பினாள்.

"அங்க. அங்க பாரு. அதுதான்."

சைரா பார்த்தாள். சுவரில் ஓடும் பூச்சியைப் பார்ப்பது போல் வெகுநேரம் பார்த்தாள். ஜிபார் கையைத் தூக்கவில்லை. பிள்ளை முழுசாகப் பார்க்கும்வரை காத்திருப்பது அவள் வழக்கம். அப்போது சின்ன முஷ்டி மேலே வந்தது. மூடியது. திறந்தது. மூடியது.

துணிக்கட்டுக்குள் சூடாக இறங்குவதை ஜிபார் உணர்ந்தாள். பத்து நாளாக வற்றவைத்தது, கட்டை நனைத்து, சட்டையை நனைத்து, வயிறுவரை வழிந்தது.

"பால்," என்றாள் கையால். "ஆமா, பால்."

படம் நின்றுவிட்டது. மூடிய முஷ்டியோடு பிள்ளை அப்படியே இருந்தாள். ஜிபார் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.