வடை டின்னுக்குள் இரண்டு பாஸ்போர்ட்

என் பாஸ்போர்ட்டை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதிகாரி கேட்டால்கூட ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நீட்டுவேன். விசர் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து நாள் எகிப்துப் பயணத்தை மகள்தான் எங்களுக்கு எடுத்துத் தந்தாள். மொன்றியலில் இருந்து வந்த குழுவில் எல்லாரும் பிரெஞ்சு பேசுகிற ஓய்வுபெற்றவர்கள். நடுவில் நானும் என் கணவரும். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிற மனுசனுக்குப் பிரமிட் பார்க்கவேண்டும் என்று கனகால ஆசை. எனக்கு மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் என் குசினி அடுப்படியே போதும். ஆனாலும் போனேன். போகும்போது, தட்டையாக மொறுமொறுவென்று நாள்பட்டாலும் கெடாத பருத்தித்துறை வடை சுட்டு, பழைய நீல பிஸ்கட் டின் நிறைய அடைத்துக்கொண்டேன். கண்டறியாத, பாழாய்ப்போன வடை! அதைச் சுடாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கெய்ரோவில் இறங்கிய உடனே வழிகாட்டி கையை நீட்டினார். தலை வழுக்கையான, மெல்லப் பேசுகிற மனிதர். "பாஸ்போர், மதாம், சில் வூ ப்ளே." ஹோட்டலில் பதிவதற்காம். எல்லாரும் பஸ் டிக்கெட்டைப் போல எடுத்துக் கொடுத்தார்கள். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நானே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். "தராவிட்டால் பிரமிட்டைப் பூட்டிப்போடுவினமாம்" என்று என் கணவர் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. சண்டைக்காலத்தில், இருபத்திரண்டு வயதில், காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்துகிற ஏஜென்சி மூலம் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். ஏதோ ஒரு நாட்டின் விமான நிலையத்தில் எங்கள் ஒன்பது பேரையும் இருத்திவிட்டு, ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டுகளை வாங்கினார். "தங்கச்சி, இதிலையே இருங்கோ. போட்டு வாறன்" என்றார். எங்கள் ஊரில் 'போறன்' என்று சொல்லி யாரும் படி இறங்குவதில்லை. முக்குக் கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்'தான். திரும்பி வருவேன் என்று கொடுக்கிற வாக்கு அது. அந்தச் சொல்லை நம்பி இரண்டு நாள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். அவர் வரவேயில்லை. மூன்றாம் நாள் பொலிஸ் வந்து, நீ யார் என்று கேட்டது. நான் யார் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கடைசி நாள், லக்சோரில் ஹோட்டல் அறையைக் காலி செய்த காலை, கைப்பையை யாராவது அறுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. என்னுடையதும் அவருடையதுமாக இரண்டு பாஸ்போர்ட்டையும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி டின்னின் அடியில் வைத்து, மேலே மிஞ்சியிருந்த வடையைப் பரப்பி, டின்னைக் கணவரின் தோள்பையில் போட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

அன்று காலை அரசர்களின் கல்லறைகள் இருக்கிற பள்ளத்தாக்குக்குப் போனோம். மலையைக் குடைந்து கீழே கீழே இறங்குகிற வழி. சுவரெல்லாம் நீலமும் மஞ்சளுமாய்ச் சித்திரம். எனக்கோ மூச்சு முட்டியது. ஷெல்லடிக்குப் பதுங்கிய பங்கர்தான் கண்ணுக்குள் வந்தது. பாதியில் திரும்பி வெளியே ஓடிவந்துவிட்டேன். அவர் அடிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு மெல்ல ஆறுதலாக வந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஆற்றைக் கடந்து கர்னாக் கோயில். ஆட்டுத்தலை வைத்த கற்சிங்கங்கள் இரண்டு பக்கமும் வரிசையாகப் படுத்திருந்த பாதையில் நின்று, பாஸ்போர்ட் பத்திரமா என்று பார்க்க அவருடைய பைக்குள் கையை விட்டேன்.

"டின் எங்கையப்பா?"

"வடை டின்னோ? அந்தக் கல்லறையிலை காவலுக்கு நிண்ட ஐயாட்டைக் குடுத்திட்டன். பாவம், முழங்கால் நோகேக்கை கையைப் பிடிச்சு ஏத்திவிட்டவர். பின்னேரம் பிளேன் ஏறப்போறம், ஏன் சுமையைக் காவுவான் எண்டு..."

"ஐயோ, நாசமறுந்த மனுசா! அதுக்குள்ளைதான் ரெண்டு பாஸ்போட்டும் கிடக்கு!"

"வடைக்குள்ளையோ?"

"வடைக்குக் கீழை!"

அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நடந்ததைக் கேட்ட வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தார். பள்ளத்தாக்கைப் பூட்ட அதிக நேரமில்லை. மாலை விமானத்துக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் ஏறமுடியாது. யாருக்கோ தொலைபேசினார். ஒரு நண்பர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நானும் வருகிறேன் என்று கத்தினேன். ஏற இடமில்லை. "நீங்கள் இங்கேயே இருங்கள், மதாம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வழிகாட்டி பின்னால் ஏறினார். "ஜ ரெவியன்." திரும்பி வருவேன்.

மொழிதான் வேறு; சொல் அதே சொல்.

பனைமரத்தைவிட உயரமான தூண்கள் காடு மாதிரி நின்றன. ஒன்றின் அடியில் குந்தினேன். குழுவில் வந்த ஒரு அம்மா தண்ணீர்ப் போத்தல் தந்தார். வாங்கினேன், குடிக்க முடியவில்லை. அந்தக் காவல்காரர் டின்னை எறிந்திருந்தால்? யாருக்காவது விற்றிருந்தால்? வழிகாட்டியே எடுத்துக்கொண்டு போய்விட்டால்? கனடாவில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்ததெல்லாம் ஒரு புத்தகத்துக்குள் இருந்தது. அந்தப் புத்தகம் இல்லையென்றால் நான் மறுபடி அந்தக் கதிரையில் இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பெட்டைதான். வெயில் தூணுக்குத் தூண் நகர்ந்தது. பயம் நகரவில்லை.

என் கணவர் பக்கத்தில் வந்து இருந்தார். "என்னிலைதான் பிழை. உம்மைக் கேட்டிட்டுக் குடுத்திருக்கவேணும்" என்றார்.

"நான் சொல்லியிருக்கவேணும்" என்றேன்.

மற்றவர்கள் பஸ்ஸில் ஏறி நெடுநேரமாயிற்று. சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். அப்போதுதான் ஆட்டுத்தலைகளுக்கு நடுவே உடம்பெல்லாம் புழுதியாக ஒரு வழுக்கைத் தலை வந்தது. கையில் நீல டின்.

திறந்து பார்த்தேன். இரண்டு பாஸ்போர்ட். மேலே இரண்டு வடை. காவல்காரர்கள் எல்லாரும் பகிர்ந்து தின்றார்களாம், உறைப்புத் தாங்காமல் தண்ணீருக்கு ஓடினார்களாம். அடியில் பாஸ்போர்ட்டைக் கண்டதும் அந்த ஐயா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், யாராவது தேடி வருவார்கள் என்று வாசலிலேயே நின்றாராம். எங்களுக்கென்றுதான் ஆளுக்கு ஒரு வடை மிச்சம் வைத்தாராம். எல்லாருக்கும் முன்னால் நான் விம்மி விம்மி அழுதேன்.

விமான நிலையத்தில் வழிகாட்டி கவுண்டரில் பதிவதற்காக மற்றவர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தார். என்னிடம் கேட்காமல் தாண்டிப் போனார். என் குணம் அவருக்குப் பழகிவிட்டது.

"மிஸ்யே" என்று கூப்பிட்டேன். இரண்டையும் நீட்டினேன். என் விரல் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றது, அவர் இழுக்கவில்லை, நான் விடும்வரைக்கும் பொறுத்து நின்றார். விட்டேன். அவர் கவுண்டரை நோக்கி நடந்தார்.

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"எங்கை போறீர்?" என்றார் என் கணவர்.

"போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதருக்குப் பின்னாலேயே நடந்தேன்.