எங்கள் அப்பாவைக் ‘கற்பனை முகம்’ என்று எழுதிவிட்டார்கள்

இன்று தூத்துக்குடியில் ஒரு காலேஜ் கண்காட்சிக்குப் போனவன், கொதித்துப்போய் வந்து இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் சோப்பு அட்டை, பீடி விளம்பரம், காலண்டர் எல்லாவற்றையும் வெட்டி ஒரே பலகையில் ஒட்டியிருந்தார்கள். நட்டநடுவில் எங்கள் அப்பா!

சங்கு குளிக்கிற அப்பாவைத் தேடி ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளியே காரில் வந்து, கெஞ்சிக் கூத்தாடிப் படம் எடுத்துப் போய்க் காலண்டர் போட்டது ஊருக்கே தெரியும். எனக்கு நாலு வயதில் கடலோடு போய்விட்டார். அந்தக் காலண்டர் படத்தை விட்டால் வீட்டில் வேறு போட்டோ கிடையாது.

அதன் கீழே ‘கற்பனை முகம்’ என்று எழுதியிருக்கிறது.

“ஏம்மா, யாரைக் கற்பனைன்னு எழுதுத? அது எங்க அப்பா!” என்றேன்.

ஒட்டிய பெண் அசரவில்லை. “அங்கிள், அங்கன பாருங்க. பீடி விளம்பரத்துல விவசாயி, சோப்பு அட்டைல பட்டாளத்துக்காரர். இவரோட சேர்த்து மூணு பேருக்கும் ஒரே முகம், ஒரே மீசை. வரைஞ்ச ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர்தான்.”

“மூணு கம்பெனிக்காரனும் எங்க அப்பாவைத்தான் தேடி வந்திருக்கான்!” என்றேன்.

சாட்சிக்குத் திருச்செந்தூர் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அப்பா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

“ஏலே, அப்பாவுக்கு ஏதுலே மீசை?” என்று சிரிக்கிறாள். அதுவும் ஸ்பீக்கரில்!

திரும்பி வரும்போது, பஸ்ஸில் கண்ணை மூடி, அந்த மீசையை மட்டும் எடுத்துவிட்டு அப்பாவை நினைத்துப் பார்த்தேன். முகமே வரவில்லை.

அப்பாவை நேரில் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால், மீசை இருந்ததா என்று கமெண்டில் சொல்லுங்கள். இல்லை என்பவர்கள் அக்காவிடம் பேசிக்கொள்ளவும்.