அக்கா பேசிய மைக்

அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் ஹலோ. கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மைக்காகப் போய் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? சொந்தப் பெயர் சான்றிதழில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அவனை ஆளாக்கியது அக்கா. சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் அவளுக்குத் தையல் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் தகரம், அவ்வளவுதான். ஆனால் குரல் இருந்ததே, அது சாமானியக் குரல் இல்லை. சந்தின் இந்த முனையில் அவள் பேரம் பேசினால் அந்த முனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கப்போகிறேன் என்று தம்பி சொன்னபோது, ரேடியோப் பெட்டியைத் தட்டுவதற்கெல்லாம் படிப்பா என்று மாமா நக்கலடித்தார். "அவன் காது தங்கம் மாமா, படிக்கட்டும்" என்று அக்கா அந்தக் குரலிலேயே சொன்னாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

படித்தான். நன்றாகவே படித்தான். படித்து என்ன செய்ய? ஒலிப்பதிவுக் கூடங்களின் வாசலில் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். உள்ளே இருந்த குளுகுளு அறைகளில் யாருடைய மகனோ யாருடைய மருமகனோ உட்கார்ந்திருந்தான். இவனுக்குக் கிடைத்தது "சொல்லி அனுப்புறோம்" என்ற பதில்தான். கடைசியில் வாடகைக்கு ஸ்பீக்கர் விடுகிறவரிடம் சேர்ந்தான். பெட்டி தூக்கினான், ஒயர் சுருட்டினான், முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டான்.

அங்கேதான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தான். விருந்துகளில் வாழ்த்திப் பேச வருகிற சில பெரிய மனிதர்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள். பட்டென்று மைக்கை அணைத்தால் சண்டை வரும். ஹலோ அணைக்கமாட்டான். மனிதக் குரலில் சொல்லைத் தாங்குவது அடித்தொனிக்கும் கீச்சுக்கும் இடையே இருக்கிற நடுப்பகுதிதான் என்பது அவன் படித்த பாடம். அந்த நடுப்பகுதியை மட்டும் மெதுவாக உருவிவிடுவான். சத்தம் இருக்கும், சொல் புரியாது. பிறகு ஒலியளவையும் பொட்டு பொட்டாக இறக்குவான். பேசுகிறவருக்குத் தன் தொண்டைதான் சோர்ந்துபோனது போல் தோன்றும். இருமி, தண்ணீர் குடித்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி, தானே இறங்கிவிடுவார். விருந்து வைத்தவர் இவன் முதுகைத் தட்டிக்கொடுப்பார். சும்மா சொல்லக்கூடாது, அப்படிச் செய்ய வேறு ஆள் கிடையாது. அவனுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பேர் காதுக்குக் காது பரவித்தான் நகரசபை அரங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. "பாத்துப் பண்ணு, நிரந்தரம் ஆக்கிடலாம்" என்றார் அரங்க மேலாளர். அவர் 'பாத்துப் பண்ணு' என்றதற்கு என்ன அர்த்தம் என்பது முதல் கூட்டத்திலேயே விளங்கியது. தண்ணீர் வரவில்லை என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து பேசினார். சற்று நேரத்தில் ஹெட்போனில் மேலாளரின் குரல் கேட்டது: "எறக்கு." இறக்கினான். வாத்தியார் தொண்டையைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தார். எப்படியும் இவர் பேசி ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று ஹலோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்தடுத்த ஆட்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டான்.

அப்புறம்தான் சந்தைப் பின்சந்துக்கு ஆபத்து வந்தது. கடைகளை எடுத்துவிட்டு அங்கே கார் நிறுத்த இடம் செய்யப்போகிறார்களாம். மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் நடத்துவார்கள். அதில் சந்து சார்பாக ஒருவர் பேசலாம். யார் பேசுவது என்ற கேள்விக்கே இடமில்லை. அத்தனை பேரும் அக்காவைக் கைகாட்டினார்கள். அக்கா ஒரு வாரமாக மெஷினை மிதித்துக்கொண்டே பேசிப் பழகினாள். முந்தின நாள் சாயங்காலம் ஹலோ அவளுக்கு மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கரண்டியை வைத்துக் காட்டினான்.

"பயமா இருக்குடா" என்றாள்.

"நான்தானேக்கா அங்க உக்காந்திருக்கேன். பாத்துக்கறேன்."

மனசாரத்தான் சொன்னான். அதில் பொய்யில்லை.

அக்கா பிரமாதமாகத் தொடங்கினாள். எந்தக் கடைக்காரி எத்தனை பிள்ளைகளை அந்தத் தகரத்துக்குக் கீழே வளர்த்தாள் என்று சொல்லச் சொல்ல, மேடையில் இருந்த உறுப்பினர்கள் போனைக் கீழே வைத்தார்கள். ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் சந்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஹலோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது ஹெட்போனில் குரல் வந்தது.

"எறக்கு."

அவன் அசையவில்லை.

"காது கேக்கலையா? உன் நிரந்தர ஆர்டர் இப்ப என் மேஜை மேலதான் இருக்கு. எறக்கு."

என்னத்தைச் சொல்ல! பெட்டி தூக்கிய முதுகு, கூடங்களின் வாசலில் நின்ற நிற்பு, மாமாவின் நக்கல், எல்லாம் சேர்ந்து அவன் விரலைப் பிடித்தன. நடுப்பகுதியை உருவினான். பழகிய கை. அந்தப் பெரிய அரங்கின் பின்வரிசையிலிருந்து "கேக்கல, கேக்கல" என்று குரல் வந்தது. அக்கா குரலை உயர்த்தினாள். இவன் இறக்கினான். அவள் இன்னும் உயர்த்தினாள், தொண்டை கீச்சிட்டு உடைந்தது, இருமல் பிடித்துக்கொண்டது. தலைவர் மிகுந்த பரிவோடு அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் தம்பி இருந்த கண்ணாடி அறைப் பக்கம் பார்த்து, தன் தொண்டையைத் தொட்டு, முடியவில்லை என்று சைகை காட்டினாள்.

கடைகள் போயின. ஹலோ நிரந்தரமானான். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததால் சந்துக்காரர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். சந்தையே கேட்கும் குரல் அன்றைக்கு மட்டும் எங்கே போனது? தம்பி வேலைக்காக அவள்தான் வேண்டுமென்றே குரலை விட்டுவிட்டாளாம். அவளோடு சேர்ந்து கடை போட்டவர்கள்கூட வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ அவள் காதுபடவே காறித் துப்பினார்கள்.

அவள் அழவில்லை. வீட்டு மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, கிடைத்த கிழிசல்களைத் தைத்தாள். ஒரு மத்தியானம் தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்டா. சத்தத்தப் பத்திப் படிச்சவன் நீ. உனக்குத்தான் தெரியும்."

அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"அவங்க சொல்றது நெஜமா இருக்குமோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. பேசறப்ப மனசுக்குள்ள உன் வேலை ஞாபகம் வந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். அதனால நானே தெரியாம குரல விட்டுட்டேனோ? அப்படி ஒருத்தி செய்ய முடியுமா? ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது."

ஒரே ஒரு வார்த்தை போதும். தொண்டைவரை வந்தது. அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். சுவரில் தொங்கிய சட்டையையும் அதில் குத்தியிருந்த நகரசபை அட்டையையும் பார்த்தான்.

"இல்லக்கா. உன் தொண்டைதான். ரொம்ப நாளாவே கெட்டுப்போயிருக்கு, நான் கவனிச்சேன். நீ ஒண்ணும் பண்ணல."

அக்காவின் தோள்கள் தளர்ந்தன. எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு விடுகிறவள் போல விட்டாள்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள். "இது போதும்டா எனக்கு."

அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் சாப்பிட்டான்.