தும்பிக்கை இல்லாத யானை

பெயரும் உருவமும் ஒத்துப்போகாதபோது எதைத் திருத்துவது? உத்திரமேரூரில் கடைப்பலகை எழுதிவந்த லோகநாதனுக்கு 1978இல் இந்தக் கேள்வி வந்தது.

பக்கத்துக் கிராமப் பள்ளியின் சுவர் முழுக்க விலங்குகள் வரையும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. சென்னை மிருகக்காட்சிசாலையில் ஒரு பகல் முழுவதும் நின்று பார்த்திருந்த நீர்யானையை முதலில் வரைந்தார். முழங்கால் அளவு தண்ணீர், அகன்ற வாய், வெயிலில் செந்நீர் கசியும் தோல். கீழே பெயரையும் எழுதினார்.

ஊர்த் தலைவர் ஜெகநாதன் வந்து பார்த்தார்.

"இன்னாபா இது? யானைன்னு எழுதிட்டுப் பன்னிய வரைஞ்சிக்கீற! தும்பிக்கை எங்க?"

"இதுக்குக் கெடையாதுங்க. மூக்க மூடிக்கினு முங்கி, ஆத்துக்கு அடியில நடந்துபோற சீவன்."

"உன் வூட்டுச் செவுரா இது? நாளைக்குத் தும்பிக்கை இருக்கணும். இல்லாங்காட்டி வேற ஆள வச்சி வெள்ளையடிச்சிடுவேன்."

"அடிச்சிக்குங்க. தும்பிக்கை மட்டும் போட மாட்டேன்."

பிடிவாதம் எல்லாம் நேர்மை ஆகிவிடாது. லோகநாதனிடம் இரண்டும் இருந்தன என்று மட்டும் சொல்லலாம்.

மறுநாள் அவர் நீல வண்ணத்தைக் குழைத்து, படத்தில் நீர்மட்டத்தை உயர்த்தினார். காதும் கண்ணும் மூக்குத் துளைகளும் மட்டுமே வெளியே தெரிந்தன.

"ஓ, தும்பிக்கை தண்ணிக்குள்ள கீதா?" என்று தலைவர் திருப்தியாகச் சிரித்தார்.

லோகநாதன் தூரிகையைக் கழுவிவிட்டு அடுத்த விலங்கை வரையத் தொடங்கினார். தண்ணீரை ஏன் உயர்த்தினார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.