தலையைத் திருப்பினால்

பரீட்சை அட்டை ஒன்றில் வெள்ளைத் தாளை ஒட்டி, நடுவில் கறுப்பு மார்க்கரால் 'அ' என்று ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதினேன். என் வீட்டுக்காரர் அதைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். தலைச்சுற்றலுக்கான பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் நான்கு முறை ஆட்டுவதற்குள் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பூத்து, அட்டையைப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எழுத்து ஓடுது" என்றார். நான் பக்கெட்டை எடுக்க ஓடினேன்.

அவர் கம்பெனி பஸ் டிரைவர். விடியலில் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து கிளம்பி, ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரகடத்தில் கேட் கேட்டாக இறக்கிவிடுவார். உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் நானும் அதே பஸ்ஸில்தான் போவேன். அவருக்கு இது வந்த அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. சேரப்பணஞ்சேரி தாண்டியதும் பஸ்ஸை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கியவர், வாந்தி எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். எழ முடியவில்லை. குடித்திருப்பார் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, பின்மண்டையில் சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, இதுவும் பக்கவாதம்தான் என்றார்கள்.

எங்களுக்குத் தெரிந்த பக்கவாதம் கையைக் காலை இழுத்துக்கொள்ளும், வாயைக் கோணலாக்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. சாப்பிட்டார், பேசினார். ஆனால் எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் வீடே கூடச் சேர்ந்து சுற்றியது. வெளியே தெரியாத நோயை யாரும் நம்புவதில்லை. "கை காலு நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு வூட்லயே குந்திக்கினு கீறாரு?" என்று எதிர்வீட்டு அக்கா என்னிடமே கேட்டார். உள்ளே அவர் காதில் விழுந்திருக்கும்.

பிசியோதெரபி மேடம் மிகச் சின்ன வயசுக்காரர். "சுத்துதுன்னு தலையை அசைக்காமலே இருந்தா மூளை பழகவே பழகாது. பயிற்சி செஞ்சா கொஞ்சம் சுத்தத்தான் செய்யும், செஞ்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல அடங்கிடணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா திடீர்னு பேச்சு குழறினா, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா, தாங்க முடியாத தலைவலி வந்தா, கை கால் மரத்தா உடனே தூக்கிட்டு வந்துடுங்க. காத்திருக்கக் கூடாது" என்றார்.

அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். சுற்றுவது நல்லதற்கா, கெட்டதற்கா? சுவர் மூலையில் முதுகைக் காட்டி, முன்னால் நாற்காலி போட்டு, காலைச் சேர்த்து நிற்கவைப்பேன். அடுத்து ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நடக்க வேண்டும். அப்போது நான் பின்னாலேயே, தொட்டும் தொடாமலும் கையை வைத்துக்கொண்டு போவேன். அவர் கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் முகத்தை எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் பேரைச் சொல்லுங்கள், சிரியுங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள் என்பேன். "நீ இன்னா கேட்ல நிக்கிற செக்யூரிட்டியா?" என்று எரிந்துவிழுவார். ஷிப்டில் இருக்கும்போது போன் அடித்து அவர் எடுக்கத் தாமதமானால், பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும் என் கை நின்றுவிடும்.

மூன்று மாதத்தில் நன்றாகவே தேறினார். கடைக்கு நடந்தார். பஸ் கான்டிராக்டர் இவர் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தால் போதும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்தில் பைக் ஹாரன் அடித்தால் அவர் தலையைத் திருப்பாமல் உடம்போடு மொத்தமாகத் திரும்பினார். அவசரத்தில் தலை மட்டும் திரும்பிவிட்டால் கை தானாகச் சுவரைத் தேடியது.

டாக்டர் கேட்டபோது, "இப்ப ஒண்ணும் இல்ல சார், சுத்தமா சரியாயிடுச்சு" என்றார். டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அந்த வேலைதான் அவர் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வருகிற பெண்களின் முகங்களும் தெரியும். "சட்டுனு திரும்பினா இன்னும் சுத்துது சார். சொல்ல மாட்டேங்கிறாரு" என்றேன். டாக்டர் பேனாவை மூடினார்.

ஷேர் ஆட்டோவில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பேச்சும் இல்லை, பயிற்சியும் இல்லை. மனிதரை நானே உடைத்துவிட்டேனோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், மூலையில் தலையணையைப் போட்டு அதன்மேல் தனியாக நின்றுகொண்டிருக்கிறார். யாராவது கூட இல்லாமல் செய்யவே கூடாத பயிற்சி அது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பிடித்தேன். தலையணையிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு எனக்கு சேரப்பணஞ்சேரில சுத்தல" என்றார்.

"பின்னே?"

"நம்ம ஊரு தாண்டும்போதே சுத்திச்சு. தண்ணி குடிச்சா போயிடும்னு ஓட்டிக்கினே போனேன். அத்தினி ஸ்டாப்பும் ஆளு ஏத்தினேன். எல்லாரும் தூங்கிக்கினு இருந்தாங்க."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன்.

இப்போது அவர் கான்டிராக்டரின் ஷெட்டில் வண்டிகள் போய்வரும் நேரத்தை எழுதும் வேலையில் இருக்கிறார். காலைப் பயிற்சியை விடவில்லை. சரியாகத் தூங்காத நாட்களில் தரை லேசாக ஆடுகிறதாம். அதை இப்போது கேட்காமலே சொல்லிவிடுகிறார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடியலில் கான்டிராக்டர் போன் செய்தார். டிரைவர் வரவில்லை, ஒரே ஒரு டிரிப் மட்டும் எடுங்கள் என்று கெஞ்சுகிற குரல் எனக்கே கேட்டது. சீருடையோடு வாசலில் நின்றிருந்தேன். ஆள் இல்லாமல் நிற்பது நான் போகும் பஸ்தான். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க. நடக்கறேன், போறேன், வரேன், எல்லாம் சரிதான். ஆனா தலையைத் திருப்பினா ரோடு கொஞ்சம் லேட்டாத்தான் வருது. நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

மெயின் ரோடு வரைக்கும் தண்ணீரில் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏன் லேட் என்று கேட்டார்.

"பஸ் ஓட்ட ஆள் இல்ல சார்" என்றேன்.